சாதித்த மகளிர்க்கு மலர்ப் பரிசு

(தொப்பம்பட்டியில் மார்ச் மாதம் நடந்த மகளிர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில், பழனியில் ஒரு பூக்கடையில் வண்டியை நிறுத்தினோம். மகளிர் தின விழாவுக்கு வெறுங்கையோடு போகலாமா, ஒரு பூங்கொத்தாவது வாங்கிக் கொள்வோம் என்றார் உடன் வந்த அலுவலர். கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஜெர்பரா நான்கு, நீண்ட காம்புள்ள ரோஜா மூன்று, சுற்றிலும் வலைபோன்ற காகிதம், அதற்கு மேல் மினுமினுக்கும் பிளாஸ்டிக் தாள். விலை 350 ரூபாய். எங்கே விளைந்த பூ என்று கேட்டேன். ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் விளைந்து, பெட்டியில் அடைபட்டு, இரவு வண்டியில் வந்த பூ என்றார்.

அதே கடை வாசலில் ஓர் அம்மாள் கூடையில் குண்டுமல்லி வைத்துச் சரம் தொடுத்துக் கொண்டிருந்தார். "இதைக் கொத்தாகக் கட்டித் தருவீர்களா?" என்று கேட்டேன். "என்ன விசேசத்துக்குங்க?" என்றார். மகளிர் தினத்திற்கு என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு மல்லிப்பூ குடுக்க மாட்டாங்களே சாமி. அதுக்குத் தனிப் பூ இருக்குதுங்க" என்று உள்ளே இருந்த ஜெர்பராவைக் கையால் காட்டினார்.

பெண்களைப் பாராட்டும் நாளில், பெண்கள் பறித்து, பெண்கள் கட்டும் நம் ஊர்ப் பூவுக்கு இடமில்லை என்று அந்தப் பூக்கட்டும் அம்மாளே நம்பும்படி நாம் செய்திருக்கிறோம். நீங்கள் காண்பதுபோல, நான் பூங்கொத்து வாங்கி வரவில்லை. மேசைக்கு அருகில் இருக்கும் சாக்குப் பைகளில் வேறொன்று கொண்டு வந்திருக்கிறேன். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகளிர் தினத்தன்று பூக் கொடுக்கும் வழக்கம் நம்முடையதன்று. ஆனால் அது தொடங்கிய கதை நாம் கேட்கத் தக்கது. இத்தாலி நாட்டில் இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், மார்ச் 8ஆம் நாளுக்கு ஓர் அடையாளப் பூ வேண்டும் என்று மகளிர் சங்கத்தினர் கூடி யோசித்தனர். போரினால் நாடே வறுமையில் கிடந்த நேரம். விலையுயர்ந்த பூ கூடாது. ஏழைப் பெண்ணும் வாங்கக் கூடியதாக, வாங்கவும் முடியாதவள் வழியோரத்திலேயே ஒடித்துக் கொள்ளக் கூடியதாக இருக்கவேண்டும். மார்ச் தொடக்கத்தில் பூத்திருக்கவும் வேண்டும். தெரேசா மத்தேய் என்ற பெண்மணியும் அவருடைய தோழியரும் மிமோசா என்று அங்கே அழைக்கப்படும் மரத்தின் மஞ்சள் பூவைத் தேர்ந்தெடுத்தனர். இன்றளவும் இத்தாலியில் மார்ச் 8 அன்று அந்தப் பூங்கொம்பைத்தான் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த மரத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இங்கிருந்து தெற்கே தெரிகிறதே பழனிமலைத் தொடர், அதன் உச்சியில் கொடைக்கானல் பகுதியில் வாட்டில் என்று சொல்லும் மரங்கள் காடாக மண்டிக் கிடக்கின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. அவற்றுள் வெள்ளி வாட்டில் என்ற இனம்தான் இத்தாலியப் பெண்களின் மிமோசா. அங்கே அது பரிசு. இங்கே புல்வெளியை விழுங்கும் களை. ஒரு பூ எங்கே மதிப்புப் பெறும், எங்கே தொல்லையாகும் என்பது மண்ணைப் பொறுத்தது. ஆகவே இத்தாலிக்காரர் செய்ததை அப்படியே பார்த்துச் செய்யவேண்டாம். அவர்கள் யோசித்த முறையை மட்டும் எடுத்துக் கொள்வோம்: விலை குறைவாக, அருகில் விளைவதாக, அந்தப் பருவத்தில் பூப்பதாக.

அதே கொடைக்கானல் மலையில், பெண் ஒருவருக்குச் சூட்டப்பட்ட இன்னொரு மலரும் பிறந்தது. அது ஒரு ரோஜா. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து முன்னதாகவே விலகி ரோஜா இனப்பெருக்கத்தில் இறங்கிய விரு வீரராகவன் அவர்களும், அவருடைய துணைவியார் கிரிஜா அவர்களும் கொடைக்கானலில் பல புதிய ரோஜாக்களை உருவாக்கினர். மணிப்பூர் மலைகளில் வளரும் காட்டு ரோஜா, நீர் தேங்கும் இடத்திலும் தாக்குப்பிடிக்கும் நம் நாட்டு வெப்பமண்டலக் காட்டு ரோஜா ஆகியவற்றைத் தாயாகவும் தந்தையாகவும் வைத்து, நம் வெயிலைத் தாங்கும் இனங்களைப் பெறுவது அவர்களுடைய நோக்கம். அப்படிப் பிறந்த மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஈ.கே.ஜானகி அம்மாள்'.

யார் இந்த ஜானகி அம்மாள்? கரும்பு நட்ட ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர். 1897ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தவர். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிதாக இருந்த காலம் அது. பிறகு 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார். கரும்பையும் அதன் உறவான மற்றப் புல்லினங்களையும் ஒட்டுச் சேர்த்து, மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களை நுண்ணோக்கியில் எண்ணிக் கணக்கிட்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு கலப்பினம் பெற்றார் என்றால் நம்புவீர்களா? கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடும் உங்களுக்கு அது எவ்வளவு தூரத்து உறவு என்பது தெரியும்.

பின்னர் இங்கிலாந்து சென்று, ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்திலும், விஸ்லி என்ற ஊரில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்திலும் ஆராய்ச்சி செய்தார். விஸ்லியில் அவர் ஆராய்ந்த மக்னோலியாச் செடிகளுள் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது, வெள்ளையாகப் பூக்கும். 1951இல் பிரதமர் நேரு அழைக்க நாடு திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைக்கட்டிலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். 1984இல் சென்னையில் காலமானார்.

வாழ்நாள் முழுவதும் செடிகளோடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் வாடும் மாலையைப் போடாமல், ஒட்டுக் கட்டக் கட்டப் பெருகும் ஒரு ரோஜாவையே கொடுத்தார்கள். பூப் பரிசு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நம் திண்டுக்கல் மாவட்டத்து மலையில் பிறந்த செய்தி என்பதால் உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. இதைச் சொல்வதற்கு எனக்குச் சற்று வெட்கம்தான். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரில் சின்ன வெங்காயத்தில் நல்ல மகசூல் எடுத்தவர்களைப் பாராட்ட ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆண்களுக்குத் துண்டு, பெண்களுக்கு மல்லிகைச் சரம். பட்டியலில் முதல் பெயரே ஒரு பெண்ணுடையது. கணவர் இறந்து நான்கு ஆண்டுகளாகி, ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தைத் தனியாகப் பார்த்து வந்தவர். விதை வெங்காயத் தேர்விலிருந்து பட்டறை போடுவது வரை அவ்வளவு நேர்த்தி. நான் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அழைத்தேன். மேடை ஏறி வந்தார். சரத்தை நீட்டியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் கொண்டார்.

"எனக்கு வேண்டாமுங்க சார். அடுத்தவங்களுக்குக் குடுங்க" என்றார் மெல்லிய குரலில்.

எனக்கு விளங்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று எண்ணி, "வாங்கிக் கொள்ளுங்கள் அம்மா, நீங்கள்தானே முதல் பரிசு" என்று ஒலிபெருக்கியிலேயே வற்புறுத்தினேன். கூட்டம் அப்படியே அடங்கிப் போயிற்று. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் சரத்தோடு நிற்கிறேன். முன்னே போகவும் முடியவில்லை, பின்னே போகவும் முடியவில்லை.

முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து மேடைக்கு வந்தார். அவரும் பூ வைக்காதவர்தான். என் கையிலிருந்த சரத்தை வாங்கி, அந்தப் பெண்ணின் முன் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "புடி அம்மணி. வெங்காயம் வெளஞ்சதுக்குத்தானே குடுக்கறாங்க. வேற எதுக்குங் குடுக்கல" என்றார். அந்தப் பெண் வாங்கிக் கொண்டு இறங்கிப் போனார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவருடைய தோட்டத்துக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் கேட்கவில்லை, வெங்காயத்தில் நுனி கருகலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மோட்டார் அறைக் கதவில் அந்தச் சரம் காய்ந்து பழுப்பாகத் தொங்கிக் கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்குப் போட்டுட்டனுங்க. அதுந்தானே ஒழைச்சுது" என்றார்.

நாம் பூ கொடுத்துப் பாராட்டுகிறோம் என்று எளிதாகச் சொல்கிறோம். நம் நாட்டில் பூ என்பது வெறும் பூ அன்று. யார் சூடலாம், யார் சூடக் கூடாது என்று ஊர் வகுத்து வைத்திருக்கிறது. தனியாக நின்று நிலத்தைக் காப்பாற்றி, கடனை அடைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் எத்தனையோ பேர் அந்த விலக்கப்பட்ட வரிசையில்தான் இருக்கிறார்கள். அந்த வழக்கம் தவறு என்பதே என் கருத்து, மறைக்காமல் சொல்கிறேன். பூவைச் செடியிலிருந்து பறிக்க அனுமதிக்கும் ஊர், அதே கையால் தலையில் வைக்க அனுமதிக்காதது எந்த நியாயத்தில் சேர்த்தி? ஆயினும் என் கருத்தை ஒருவர் தலையில் மேடையில் வைத்து ஏற்ற எனக்கு உரிமையில்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. பூவை எல்லோர்க்கும் கையில் கொடுப்பது. தலையில் வைத்து விடுவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளைக் கொடுப்பது. முன்கூட்டியே வீட்டுக்குச் சென்று, எதை வாங்கிக் கொள்ள அவருக்கு விருப்பம் என்று கேட்டுவிடுவது. இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அடுத்து, பூவின் பின்னால் இருக்கும் உழைப்பைப் பார்ப்போம். நிலக்கோட்டை, திண்டுக்கல் பூச்சந்தைகளுக்கு விடியற்காலையில் போனவர்களுக்குத் தெரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பெயர் மதுரையாக இருந்தாலும், நம் மாவட்டத்திலும் விளைவதுதான். குண்டுமல்லியை மொட்டு முழு வளர்ச்சி பெற்று, விரியாமல் இருக்கும்போதே பறித்தாக வேண்டும். எனவே இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக் கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு மொட்டு கால் கிராம் என்று வைத்துக் கொண்டால், ஒரு கிலோவுக்கு 4,000 மொட்டுகள். 4,000 முறை விரல் நுனியால் கிள்ள வேண்டும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் பூ, வரத்துப் பெருகிய நாளில் நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கும். பறிப்பவருக்கு இரண்டு நாளும் ஏறத்தாழ ஒரே கூலி. விலை ஏறும் நாளில் பறிப்புக் கூலியையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும் தோட்டக்காரர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களுக்கு ஆள் தட்டுப்பாடு வருவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொட்டுப்புழுவுக்கு மருந்து தெளித்த மறுநாளே பறிக்கச் சொல்லாதீர்கள். மருந்து பறிப்பவர் விரலிலும், கட்டுபவர் உதட்டோரத்திலும், சூடுபவர் மடியில் இருக்கும் குழந்தையிடத்தும் போய்ச் சேருகிறது. கூடுமானவரை 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள். பூச்சி மருந்து தெளிக்க நேர்ந்தால், காத்திருப்புக் காலம் முடிந்த பின்னரே பறிக்கவேண்டும்.

வீட்டருகே 5 சென்ட் இடமும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும், விழாவுக்கு வேண்டிய பூவை வெளியே வாங்க வேண்டியதில்லை. மீதியை விற்கவும் செய்யலாம். குண்டுமல்லியை 1.25 மீட்டர் இடைவெளியில், ஒரு முழ ஆழக் குழியில் 10 கிலோ தொழு உரம் இட்டு நடவேண்டும். 5 சென்ட்டில் சுமார் 130 செடிகள் கொள்ளும். ஜூன் முதல் நவம்பர் வரை நடவுக்கு ஏற்றது. செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து தேவை. உங்கள் கணக்கில் சொன்னால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதை இரண்டாகப் பிரித்து, நவம்பர்க் கவாத்துக்குப் பிறகு ஒரு பங்கும் ஜூன், ஜூலையில் ஒரு பங்கும் இடவேண்டும். நவம்பர்க் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடத் தயங்காதீர்கள். பூக்கும் செடியை வெட்ட மனம் வராது. ஆனால் வெட்டினால்தான் மார்ச்சில் புதுத் தளிரில் மொட்டுக் கட்டும். பராமரிப்பு நன்றாக இருந்தால் எக்டருக்கு 8 டன் என்ற கணக்கில், 5 சென்ட்டில் ஆண்டுக்கு 160 கிலோ அளவுக்கு எதிர்பார்க்கலாம். முதல் ஆண்டிலேயே அல்ல. செடி திடப்பட்ட பிறகு.

மார்ச் தொடக்கத்தில் மல்லிகை வரத்து அப்போதுதான் தொடங்கும். விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அப்போது கைகொடுப்பது சம்பங்கி. கொத்துக் கட்ட வேண்டுமானால் அடியில் உள்ள இரண்டு பூக்கள் மலர்ந்ததும் தண்டோடு அறுத்து, உடனே நீரில் வைக்கவேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 40 கிராம் சர்க்கரை கலந்து, நாள்தோறும் நீரை மாற்றி, அடித்தண்டை ஒரு விரற்கடை சாய்வாக நறுக்கிவிட்டால் மேல் மொட்டுகளும் ஒவ்வொன்றாக மலரும். ஐந்து சம்பங்கித் தண்டு, நடுவே இரண்டு கோழிக்கொண்டை, சுற்றிலும் மரிக்கொழுந்து. வாழைநாரால் கட்டி, வாழை இலையில் சுற்றிக் கொடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய கொத்தைவிட அழகாக இருக்கும், மணமும் இருக்கும். ஜெர்பராவில் மணம் ஏது? விழா முடிந்ததும் மாட்டுக்குக் கொட்டிலில் இலையையும் நாரையும் போட்டுவிடலாம். தாளைப் போட முடியாது.

யாருக்குக் கொடுப்பது என்று சிலர் கேட்கக் கூடும். சாதனை என்றால் பதக்கம் வாங்கியவர்களை மட்டுமே தேடுகிறோம். பதக்கம் வாங்கியவர்களைப் பாருங்கள், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைக் கடந்தும் இயற்கை முறையில் வேளாண்மை செய்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024இல் மறைந்தார். மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை கூலி வேலை செய்து, சிறுசேமிப்புக் களஞ்சியங்களைக் கட்டி எழுப்பியவர். 2001ஆம் ஆண்டு தில்லியில் விருது வழங்கும்போது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். எந்த மாலை அதற்கு ஈடாகும்? நம் மாவட்டத்திலேயே, 1947இல் காந்திகிராமத்தை நிறுவிய மருத்துவர் சௌந்தரம் அம்மையார் இருந்தார். 2023இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 600 எடுத்த மாணவியும் திண்டுக்கல் நகரத்துத் தச்சுத் தொழிலாளியின் மகள்தான்.

பட்டிவீரன்பட்டியில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். நிலமற்ற குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜெகந்நாதனோடு வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார். 1968 டிசம்பரில் தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின், இருவரும் அந்தப் பகுதிக்கே சென்று தங்கினர். 1981இல் உழுபவர்க்கு நில விடுதலை இயக்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளரிடம் பேசி, விலைக்கு வாங்கி, நிலமற்ற ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தனர். ஆளுக்கு ஓர் ஏக்கர் போல, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு. அந்த நிலங்களைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏன் அப்படி என்று நான் விளக்கவேண்டியதில்லை. இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருதும், 2020இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன.

பூவிலிருந்து பட்டாவுக்குப் போய்விட்டேனே என்று நினைக்கலாம். தொடர்பு இருக்கிறது. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு நிலக் கைப்பற்றுகளில் ஏறத்தாழ 14தான் பெண்கள் பொறுப்பில் உள்ளன. களை எடுப்பவர், நாற்று நடுபவர், பூப் பறிப்பவர், மாடு கறப்பவர் யார் என்று எண்ணினால் அந்தக் கணக்குத் தலைகீழாகும். பெயர் பட்டாவில் இல்லாதபோது கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் பெறுவது கடினம், பிரதமரின் உழவர் உதவித் தொகையும் இல்லை. நான் சொன்ன வெங்காயக்காரப் பெண்ணின் நிலமும் அவர் கணவரின் தந்தை பெயரிலேயே இருந்தது. மகசூல் போட்டிக்கு அவர் பெயரைப் பதிய, மாமனாரிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு வந்தார்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு வந்தது; அதற்கு முன்பே மணமானவர்கள் அதில் விடுபட்டனர். 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விளைநிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு உண்டு. கணவர் இறந்து பட்டா மாறாமல் இருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக் கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தள்ளிப் போடாதீர்கள். பங்காளிகள் நல்லவர்களாக இருக்கும்போதே செய்து விடுவது நலம்.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர் பன்னாட்டு ஆண்டு என்று 2024இலேயே அறிவித்தது. நம் நாட்டில் அக்டோபர் 15ஆம் நாளும் மகளிர் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மார்ச் 8ஐவிட அக்டோபர் நமக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். நடவுக்கும் ஏற்ற காலம். அடுத்த கூட்டத்தை அந்த நாளில் வைத்துக் கொள்ளலாமா என்று உங்கள் மன்றத்தார் யோசிக்கட்டும்.

இனி சாக்குப் பைக்கு வருகிறேன். அதில் 40 குண்டுமல்லிப் பதியன்கள் இருக்கின்றன. வந்திருக்கும் ஒவ்வொரு பெண் உழவருக்கும் ஒன்று. எஞ்சியவை கேட்கும் ஆண்களுக்கு. தலையில் வைக்க வேண்டிய பொருள் அன்று. மண்ணில் வைக்க வேண்டியது. ஆகவே யாரும் கையைப் பின்னால் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருக்கிறது. அதில் அவரவர் பெயரை அவரவரே எழுதிக் கொள்ளுங்கள். கணவர் பெயரோ மகன் பெயரோ வேண்டாம். எழுதத் தெரியாதவர்களுக்கு அருகில் இருக்கும் மாணவியர் எழுதித் தருவார்கள்.

வேரில் ஈரச் சணல் சுற்றியிருக்கிறது. இன்று மாலைக்குள் அதை அவிழ்த்து, செம்மண்ணும் மணலும் தொழு உரமும் சம பங்கு கலந்த தொட்டியிலோ, அடியில் ஓட்டையிட்ட பழைய எண்ணெய் டின்னிலோ நட்டு உயிர்த் தண்ணீர் ஊற்றுங்கள். இது மார்ச் வெயில். நேரே தோட்டத்தில் நட்டால் கருகிவிடும். ஜூன் வரை வேப்பமர நிழலில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இடையில் மொட்டு வந்தால் கிள்ளி விடுங்கள். முதல் ஆண்டு செடி தழைக்கட்டும். ஜூனில் ஒரு மழை பெய்ததும் குழிக்கு மாற்றிவிடலாம். ஆடு எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

வரிசையாக வாருங்கள். முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் முதலில் வரட்டும்.